கப்பலில் பாத்திரம் கழுவுவது யார்

எனக்குப் பிடித்த நாவல்களில்
கிரகங்களுக்கிடையே போர் நடக்கும்தான்.
அந்தப் பக்கங்களை விரலால் தள்ளிவிட்டு
சமையல்கட்டு எங்கே என்று தேடுவேன்.

நானூறு வருடம் போகிற கப்பல்,
இரண்டாயிரம் பேர்,
பாத்திரம் கழுவுவது யார்?
எழுதியவருக்கு அது தெரிந்திருந்தால் போதும்.
மற்றதையெல்லாம் நம்பிவிடுவேன்.
ஒளியை முந்துவதை,
ஓர் ஆளுக்கு இரண்டு நிழல் விழும் மதியத்தை,
செத்துப்போனவள் போன வாரம் கடிதம் போட்டதை.

ஜுபைலில் எனக்கு இரவு ஷிப்ட்.
ஒரு பக்கம் கடல் நுழைகிறது,
மறுபக்கம் உப்பை இறக்கிவைத்துவிட்டு
யார் வீட்டுத் தேநீருக்கோ போகிறது.
நடுவில் முள் நடுங்கும் அழுத்தமானிகள்,
அவற்றுக்குக் காவலாக நான்,
மேஜை இழுப்பறையில் ஒரு புத்தகம்.

புத்தகம் வந்த கதை தனி.
திருச்சி விமான நிலையத் தராசு
நூறு கிராம் கூடுதல் என்றதும்
சீனி நைனார் கருவாட்டைத் தொடவில்லை.
நாவலின் அட்டையையும்
முதல் எட்டுப் பக்கங்களையும் கிழித்துப் போட்டார்.
"கதை உள்ளதானே இருக்கு?" என்றார்.
ஆகவே எனக்கு மிகவும் பிடித்த நாவலின் பெயர்
எனக்குத் தெரியாது.
எழுதியவர் ஆணா பெண்ணா, அதுவும் தெரியாது.

ஏதோவொரு நிலாவில் அவள் தண்ணீர் ஆய்வாளர்.
ஊரார் விடும் மூச்சிலிருந்து
எவ்வளவு ஈரம் திரும்பி வந்தது என்று கணக்கெழுதுகிறவள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பெருங்குழாய் வெடிக்கிறது.
சதிகாரனை அவள் தேடவில்லை,
வானத்தைப் பார்த்து வசனம் பேசவில்லை.
வாஷர் தேடப் போகிறாள்.
ஏழு பக்கம். ஒரு ரப்பர் வாஷருக்கு!
அதை வாசித்த இரவு
தனியாகச் சிரித்துக்கொண்டு பம்ப் ஹவுஸை இருமுறை சுற்றி வந்தேன்.

மேல் கட்டில் மரியசெபஸ்தி, வேம்பாறுக்காரன்,
ஒவ்வொரு முறையும் கேட்பான்:
"இதெல்லாம் நடக்குமா, ஓய்?"
எனக்கு ஒருநாளும் பதில் வராது.

ஜூன் மாதம், இரண்டு நாற்பது.
நீரெடுக்கும் வாயில் அழுத்தம் சரிந்தது.
டார்ச் அடித்தால்
கம்பிச் சல்லடை முழுக்க வெள்ளை வெள்ளையாய்,
ஒன்றின்மேல் ஒன்று, ஆயிரக்கணக்கில்.
கண் இல்லை, மூளை இல்லை,
முதுகும் முகமும் எது என்று பிடிபடவில்லை.
"சொறி," என்றான் மரியசெபஸ்தி, "தொட்டா வெந்துபோவும்."
ஷிப்ட் பொறுப்பாளர் ஃபவாஸ் அவற்றைக்
கடலின் விளக்கு என்று அரபியில் சொல்லி
உடனே கெட்டவார்த்தையும் சொன்னார்.

வேற்றுக்கிரகத்தார் இறங்கினால்
உங்கள் தலைவனிடம் கூட்டிப்போ என்பார்கள்;
அப்படித்தான் படித்திருக்கிறேன்.
இவை எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.
வந்தன, அடைத்தன.
ஒரு நகரத்தின் காலைக் குளியல்
எங்கள் நான்கு மண்வெட்டிகளில் தொங்கியது.
அள்ள அள்ள வழுக்கின.
பயந்தேன், உண்மைதான்.
அதற்கு அடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஒரு சந்தோஷம் துள்ளிக்கொண்டே இருந்தது.
இந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே வாசித்திருக்கிறேன்.

ஐந்தரைக்கு முள் எழுந்து நின்றது.

அறையில் மரியசெபஸ்தி
வீங்கிய மணிக்கட்டுகளில் வினிகர் ஊற்றிக்கொண்டு
சுவரைப் பார்த்தபடி கேட்டான்:
"அந்த நிலாக்காரிக்கு வாஷர் கிடைச்சுதா?"
கிடைத்தது என்றேன்.
"என்ன சைஸு?"
புத்தகத்தில் அது இல்லை.
"முக்கால் இஞ்ச்," என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அப்ப சரி," என்று
போர்வையை இழுத்துக்கொண்டான்.